பார்க்காத பூஜ்ஜியம்

கதவைத் தட்டுவார். திறந்தவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிடுவார்: “வாசனை வருதா?”

வணக்கம் கிடையாது. இன்ன கம்பெனி, இன்ன வேலை என்ற அறிமுகம் கிடையாது. முதல் தடவை இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள் திணறிப்போவார்கள். எங்கள் ஊரின் கோரமண்டல் பகுதியில் ஒரு அம்மா, “வருது, மீன் கொழம்பு வெச்சிருக்கேன்” என்றாள். அவர் முகம் மாறாமல், “அது இல்லாம?” என்றார். அந்த அம்மா திரும்பிச் சமையலறை வரை போய், மோந்து பார்த்துவிட்டு வந்து, “அது இல்லாம எதுவும் இல்ல” என்று பொறுப்பாகச் சொன்னாள். நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் என் வேலையே பின்னால் நின்று சிரிப்பை அடக்குவதுதான்.

கோலார் தங்க வயலுக்குக் குழாய் கேஸ் வந்த புதிது. மண்ணுக்கடியில் மஞ்சள் குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார்கள். குழாய் நெடுக நடந்து எங்காவது கசிகிறதா என்று பார்க்க ஆள் எடுத்தபோது அவரை எடுத்தார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர், மண்ணுக்கடியில் இருப்பதை மதிக்கத் தெரிந்தவர் என்பதால். என்னை எடுத்ததற்கு அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை. அதற்கு முன் மசாலாப் பொடி விற்றேன், போட்டோ ஸ்டூடியோ வைத்தேன், இரண்டும் என்னை விட்டுப் போயின. “உன் மூக்கைப் பார்த்துதான் எடுத்திருப்பாங்க” என்பாள் என் மனைவி. என் மூக்கு கொஞ்சம் பெரிது. கொஞ்சம் என்பது நான் சொல்வது.

எனக்கு மூன்று வேலை. அவரோடு நடப்பது, தினசரி படிவம் நிரப்புவது, பாதுகாப்புப் பிரசுரம் எழுதுவது. “புகையில்லா அடுப்பு, பூமிக்கு ஓர் உடுப்பு” என்பது நான் எழுதியதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் மட்டும் ஒரு முறை படித்துவிட்டு, “உடுப்பு எதுக்குப்பா?” என்றார். எதுகைக்கு என்றேன். “ஓகோ” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் எதையும் கீழே போடமாட்டார்.

எங்கள் ஊரில் பகலில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? விடிவதற்குள் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்புகிற ரயில் ஊரையே வாரிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடும். மிச்சம் பென்ஷன்காரர்கள், நாய்கள், நாங்கள் இருவர். லைன் லைனாகப் பூட்டிய பழைய சுரங்கக் குடியிருப்பு வீடுகள். அவர் ஒவ்வொரு பூட்டையும் பார்ப்பார். தட்டுவார். பூட்டிய கதவை ஏன் தட்டுகிறீர்கள் என்றால், “தட்டினாதானே ஆள் இல்லன்னு தெரியும்” என்பார்.

“பூட்டைப் பார்த்தா தெரியாதா அண்ணே?”

“பூட்டு வெளியே தொங்குது. உள்ள இன்னா நடக்குதுன்னு பூட்டுக்கு எப்படிப்பா தெரியும்?”

அவருடைய கவலை வேறு. கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் மனிதர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். “வாசனைய சேர்த்து அனுப்பறான். மோந்து பார்க்கிற ஆளையும் சேர்த்து அனுப்பறானா?” என்பார். காலை ஆறு முதல் இரவு வரை மூக்கே இல்லாத ஊரில் வாசனை யாருக்காக வரும் என்பது அவர் கேள்வி. நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். நான் நகைச்சுவை என்று நினைத்தவற்றில் பாதி அப்படி இல்லை என்பது எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் தெரிகிறது.

அவர் கையில் ஒரு கம்பு, தோள்பையில் சோப்புத் தண்ணீர் பாட்டில். இணைப்பு கண்ட இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குந்தி உட்கார்ந்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். குழாய் போகும் தடத்தில் புல் மட்டும் காரணமில்லாமல் பழுத்திருந்தால் நின்றுவிடுவார். கீழே கேஸ் கசிந்தால் வேருக்கு மூச்சு முட்டுமாம். எறும்பு வரிசை வளைந்து போனால்கூடச் சந்தேகம். ஒரு கிலோமீட்டர் நடக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மற்ற ஊர்களில் இதே வேலை பார்ப்பவர்கள் பைக்கில் போய்க்கொண்டே மூக்கை நீட்டுவார்கள் என்று கேள்வி. நான் அந்த ஊர்களை நினைத்துப் பெருமூச்சு விடுவேன்.

பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரி பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். திரை, படம், பிஸ்கட் எல்லாம் உண்டு. கரி, விறகு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும்விட கேஸ் எரிந்தால் கெடுதல் குறைவு. உலகம் நெட் ஜீரோ என்ற இடத்துக்குப் போகவேண்டும். அதுவரை கேஸ் ஒரு பாலம் என்றார். நெட் ஜீரோ என்றால் என்ன என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்கள் முகங்கள் பிஸ்கட்டைப் பார்த்தன.

அவர் மட்டும் கை தூக்கினார். “பில்லை போர்டு மாதிரிங்களா சார்?”

அதிகாரிக்குப் புரியவில்லை. அவர் எழுந்து நின்று விளக்கினார். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் போர்டிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை எடுத்துக்கொண்டு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். காலி ஆணி இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். “இறங்கினது எவ்ளோ, ஏறினது எவ்ளோ. கழிச்சா பூஜ்ஜியம் வரணும். அது வர்ற வரைக்கும் ஒருத்தனும் வீட்டுக்குப் போவக்கூடாது. அதுதானுங்களே?”

அதிகாரி தலையாட்டினார். “கிட்டத்தட்ட அதுதான். வெளியே விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக் கணக்கு நேர் பண்றது” என்றவர், இனி வகுப்புகளில் இதையே சொல்லப் போவதாகவும் சொன்னார். பிறகு, எரியாமல் கசிகிற கேஸ் எரிகிற கேஸைவிட எத்தனையோ மடங்கு பூமியைச் சூடாக்கும், வழியெல்லாம் கசிந்தால் பாலம் என்று சொல்லிக்கொள்வதிலேயே பொருளில்லை என்றார். அவர் அதைக் கேட்டு உட்காரவே இல்லை.

“அப்ப எல்லாம் எங்க சோப்புத் தண்ணியிலதான் நிக்குதுங்களா?”

“அப்படியும் சொல்லலாம்.”

“பாலத்தைத் தாண்டினப்புறம்?”

“இதே குழாய்ல சாண எரிவாயு வரலாம். ஹைட்ரஜன் கலக்கலாம். நிறைய வீடுகள் கரண்ட் அடுப்புக்கு மாறிடும்.”

“பாலத்துல நின்னுக்கினு இருக்கறவங்க?”

அதிகாரி டீ குடிக்க இடைவேளை விட்டார். வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: “மூடப்போறோம்னு சொல்லிக்கினே ஆள் எடுக்கிற கம்பெனி இதுதாம்பா. சுரங்கத்துல கடைசி நாள் வரைக்கும் சொல்லவே இல்ல. இவங்க பரவால்ல.” அவர் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, பாராட்டித்தான் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. படிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ‘கசிவு’ என்று ஒரு கட்டம். டீக்கடையில் உட்கார்ந்து பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகப் போட்டுக்கொண்டே போவேன், முட்டை போண்டா சாப்பிடுவதற்குள் இரண்டு லைன் முடிந்துவிடும். அவர் அதைப் பிடுங்கிப் பார்த்தார்.

“இந்த வீடு பூட்டிக்கினு இருந்துச்சே. இதுக்கு எப்படிப் பூஜ்ஜியம்?”

“கசிவு தெரியலையே அண்ணே.”

“தெரியலன்னா பூஜ்ஜியமா? பார்க்கலன்னு எழுது. பார்க்காத பூஜ்ஜியம் பூஜ்ஜியம் இல்ல.”

எழுதினேன். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மற்ற ஊர்களின் படிவமெல்லாம் பூஜ்ஜியம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருக்க, எங்கள் ஊர்ப் படிவம் முழுக்கப் ‘பார்க்கவில்லை, பார்க்கவில்லை’ என்று கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி இருந்தது. “ஏன்ரீ இது? ஊர்ல ஆளே இல்லையா?” என்றார். “இல்ல சார்” என்றார் அவர். அதுதான் உண்மையும்கூட.

வேலை முடிந்ததும் தினமும் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். மைசூர் மைன்ஸ் பக்கம் லைன் வீடு. மனைவி இல்லை. மகள் பெங்களூரில். அவர் வீட்டிலும் கேஸ் இணைப்பு உண்டு. வாசலில் நின்றுகொண்டு, “உள்ள போய் மோந்துட்டு வா” என்பார். நான் போய் என் பெரிய மூக்கை மூலை முடுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்து, இல்லை என்பேன். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைத்து டீ போடுவார். ஒரு நாள் பால் திரிந்திருந்தது. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவர் அசையாமல் குடித்து முடித்தார். மரியாதைக்காகக் குடிக்கிறார் போலும், தானே போட்ட டீக்குத் தானே மரியாதை செய்கிற மனிதர் என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. அதில் அந்தப் பித்தளைப் பில்லை. வெளியே கிளம்பும்போது எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். வந்ததும் மாட்டுவார்.

“இது எதுக்கண்ணே இப்போ?”

“யாராச்சும் வந்து பார்த்தா நான் வந்துட்டேனா இல்லையான்னு தெரியும்ல.”

“யார் வரப் போறாங்க?”

“தோ, நீ வந்திருக்கியே” என்றார்.

இனி என் வீரச்செயலுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, கோரமண்டலில் தேவாலயத்தை ஒட்டிய லைன். அபூர்வமாக எல்லா வீட்டிலும் ஆள். எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி, கல்கலா, ரோஸ் குக்கி என்று கிறிஸ்துமஸ் பலகாரம். தெருவே இனிப்பாக மணந்தது. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: இரண்டு மூக்கு ஒத்துக்கொண்டால் முதலில் வால்வை மூடு, பிறகு தேடு. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. தினமும் என்னை மோந்து பார்க்கச் சொல்கிறவரை இன்று மோக்க வைப்போம். மோந்து பார்த்துவிட்டு, “போடா, கல்கலா வாசனை” என்று முதுகில் ஒன்று வைப்பார், சிரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். முகத்தைக் கலவரமாக்கிக்கொண்டு, “அண்ணே, வாசனை வருது. பலமா வருது” என்றேன்.

அவர் தலையை உயர்த்தினார். மூக்கை விடைத்து நீளமாக மூச்சை இழுத்தார். பிறகு சொன்னார்: “ஆமா. வருது.”

நிஜமாகவே வருகிறதோ என்று நானும் இழுத்துப் பார்த்தேன். ஏலக்காய். தேங்காய் எண்ணெய். வேறொன்றும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கம்பைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடி, மூடியைத் தூக்கி, சாவியைத் திருகி வால்வை மூடிவிட்டார். நாற்பது வீட்டு அடுப்பும் ஒன்றாக அணைந்தது.

நாற்பது அக்காக்கள் ஜல்லிக்கரண்டியோடு தெருவுக்கு வந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “இன்னாண்ணே, பாதி கல்கலா எண்ணெயில மெதக்குது, இப்ப போய் நிறுத்திட்டீங்களே!” “யேசப்பா பொறக்கறதுக்குள்ளயாவது தொறப்பீங்களா?” அவர் எல்லாரையும் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வெளியே நிற்கச் சொல்லி, குனிந்து குனிந்து சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில் காலியானதும் யார் வீட்டிலோ வாங்கி நிரப்பிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

சூப்பர்வைசர் பைக்கில் பறந்து வந்தார். சூப்பர்வைசரிடம் கசிவைக் காட்டும் கருவி உண்டு. எல்லா இணைப்பிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“யாருக்கு முதல்ல வாசனை வந்தது?”

“எனக்கு சார்” என்றார் அவர்.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். “உனக்கு?”

“எனக்கு ஜலதோஷம் சார்” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் திரும்ப வாங்கிக்கொள்ள ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இதைத்தான் எடுப்பேன். போட்டி கடுமையாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு அக்கா, திட்டினாலும் மனசு கேட்காமல், ஒரு டப்பா கல்கலா கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் ஒன்றை வாயில் போட்டார்.

“இனிப்பு மட்டும் தெரியுது” என்றார்.

“எப்பத்திலிருந்து?” என்றேன்.

“கொரோனா வந்து போச்சே, அப்பத்துலருந்து. எல்லாருக்கும் பதினஞ்சு நாள்ல வாசனை திரும்பி வந்துச்சாம். என்னுதுக்கு வழி தெரியல போல.”

திரிந்த பால் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கதவிலும் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அது விசாரணை இல்லை, மூக்குக் கடன் கேட்டுக்கொண்டு ஊர் முழுக்க நடந்திருக்கிறார்.

“நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணே. வாசனை எதுவும் வரல.”

“தெரியும்.”

“பின்ன ஏன் ஆமான்னீங்க?”

“நீ சொல்லும்போது தெரியாது. நீ வருதுன்ற. இல்லன்னு சொல்றதுக்கு எங்கிட்ட மூக்கு இல்ல. ஒரு ஆள் உள்ள கீறான்னு ஒருத்தன் சொன்னா, கீறான்னுதான் வெச்சிக்கணும்.”

பிறகு அவராகவே சொன்னார். சுரங்கத்தில் ஒரு கூட்டாளி, எதிர் வீடு. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கேஜில் ஏறப் போகும்போது கூட்டாளி, சோற்றுத் தூக்கை மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு அடுத்த கேஜில் வருகிறேன், மேலே போர்டில் கூட்டம் நெரியும், என் பில்லையையும் நீயே மாட்டிவிடு என்று கொடுத்தான். இவரும் வாங்கி மாட்டிவிட்டார். எல்லாரும் எப்போதாவது செய்வதுதான். போர்டு நிறைந்தது. கணக்கு நேரானது. கீழே கல் சரிந்து அவன் வழி அடைத்துக்கொண்டது மேலே யாருக்கும் தெரியாது. யாரும் தேடவில்லை, கீழே ஆள் இல்லை என்று போர்டு சொன்னது. அடுத்த ஷிப்ட் இறங்கினவர்கள் கல்லைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் எடுத்தார்கள்.

“செத்துட்டாரா?”

“செத்திருந்தா அழுது முடிச்சிருப்பேன்பா. உயிரோட வந்தான். வந்து எதிர் வீட்டுலயே இருந்தான். சுரங்கம் மூடி அவன் ஊரை விட்டுப் போற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. காலையில கதவைத் தொறந்தா ரெண்டு பேரும் மூஞ்சி மூஞ்சியா நிப்போம்.” இன்னொரு கல்கலாவை எடுத்து, தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “தேடுவாங்கன்னு நெனச்சிக்கினே இருந்திருப்பான் இல்ல?”

அதற்குப் பிறகு நான் அவருடைய மூக்கானேன். ஒழுங்கான மூக்கு. போண்டாவை விட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் போண்டா முடிந்த பிறகுதான் படிவத்தைத் தொட்டேன். அவருடைய கண்ணும் என் மூக்குமாக ஆறு மாதம் நடந்தோம். மூன்று கசிவு பிடித்தோம், மூன்றும் நிஜம். ஒன்று பழுத்த புல்லால், அவர் பிடித்தது. மற்ற இரண்டும் பூட்டிய வீடுகளின் பின்புறம், நான். ரகசியம் எங்கள் இருவருக்குள் இருந்தது. மூக்கில்லாதவனைக் கசிவு பார்க்கும் வேலையில் வைத்துக்கொள்ள எந்தக் கம்பெனியும் பைத்தியம் இல்லை. அந்த வேலை போனால், அவர் பில்லையை எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு இடமும் இல்லை. எனக்கு அது தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: நடந்து பார்க்கிற எல்லாருக்கும் மோப்பப் பரீட்சை. ஐந்து பாட்டில், ஒன்றில் மட்டும் அந்த நாற்றம். எது என்று சொல்ல வேண்டும்.

நான் திட்டம் போட்டேன். எனக்கு முதலில் பரீட்சை, அது முடிந்ததும் ஓரமாக நிற்பேன். அவர் சரியான பாட்டிலை எடுக்கும்போது இருமுவேன். “ஒரே ஒரு இருமல் அண்ணே. ஏற்கெனவே எனக்கு ஜலதோஷம்னு ஆபீஸ்ல பேர் இருக்கு.” அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பரீட்சை அன்று முதல் பாட்டிலை எடுத்து மோந்தார், வைத்தார். இரண்டாவது. மூன்றாவதை எடுத்தபோது இருமினேன். நன்றாகவே இருமினேன், சூப்பர்வைசர் தண்ணீர் குடி என்றார். அவர் மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

“எனக்கு எதுவும் தெரியல சார்.”

“இன்னொரு தடவை பாருங்க.”

“எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது சார். மூக்கு போய் நாலு வருஷம் ஆவுது.”

வெளியே வந்ததும் கத்தினேன். இருமினேனே, காது கேட்காதா என்று கேட்டேன். அவர் சாந்தமாகச் சொன்னார்: “என் பில்லைய நீ மாட்டக்கூடாதுப்பா.”

கம்பெனி மோசமாக நடந்துகொள்ளவில்லை. சால்வை போட்டார்கள். ஸ்டோரில் உட்காருகிறீர்களா என்றுகூடக் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். ஆனால் ஒரு விண்ணப்பம் கொடுத்தார், தன் வீட்டுக் கேஸ் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி. மோந்து பார்க்க ஆள் இல்லாத வீட்டில் கேஸ் இருக்கக் கூடாதாம். அதைத் துண்டிக்கிற வேலை எனக்குத்தான் வந்தது. வால்வை மூடி, சீல் வைத்து, மீட்டரைக் கழற்றினேன். மகள் வாங்கி அனுப்பிய கரண்ட் அடுப்பு மேடைமேல் கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருந்தது.

“ஊர்ல முதல் ஆளா பாலத்தைத் தாண்டிட்டீங்க அண்ணே” என்றேன்.

“ஆமாம்பா” என்றார். “இந்தப் பக்கம் யாரையும் காணோம்.”

படிவத்தில் துண்டிப்புக்குக் காரணம் என்று ஒரு வரி. நான் என்ன எழுதுவது என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். எதுகையோடு எதுவும் வரவில்லை. ‘சொந்த விருப்பம்’ என்று எழுதினேன்.

அதன் பிறகு அவர் வீட்டுக்குள் போய் மோந்து பார்க்க எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. காரணம் இல்லாமலும் போகலாம் என்பது ஏனோ எனக்குத் தோன்றவில்லை. அவரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் கழித்து மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இப்போது என் கையில் கருவி இருக்கிறது. குழாய் மேல் காட்டினால் எண் வரும். பெரும்பாலும் பூஜ்ஜியம்தான். தனியாக நடக்கிறேன். பூட்டிய கதவுகளைத் தட்டுகிறேன். நாய்கள் என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டன. ஒரு நாள் அவர் வீட்டுப் பக்கம் போனபோது ஜன்னல் கதவு ஒன்று காற்றில் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஆணி காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

பல வாரம் அந்தக் காலி ஆணியைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். கருவியில் பூஜ்ஜியம், படிவத்தில் பூஜ்ஜியம். ஒரு சனிக்கிழமை மனைவியிடம் சொன்னேன். “போய்ப் பாரேன், அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?” என்றாள்.

அவர் பக்கத்து வீட்டில் மகளின் விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிறு ரயிலேறினேன். பெங்களூரில் பெரிய அடுக்கு மாடி. கேஸ் இணைப்பே கிடையாது, எல்லாம் கரண்ட். கூரையெல்லாம் சூரியத் தகடு. வாசல் பலகையில் இங்கே நெட் ஜீரோ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. லிப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போனேன். நீளமான வராந்தாவில் ஒரே மாதிரியான கதவுகள், எல்லாம் சாத்தி. மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை.

“வாசனை வருதா?” என்றார்.

நான் ஜோக்கடிக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்தேன்.

“வருது அண்ணே. சாதம் அடி பிடிச்சிருக்கு.”

அவசரமாக உள்ளே போய் அடுப்பை நிறுத்தினார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அது ஏதோ நல்ல செய்தி மாதிரி தலையை ஆட்டினார். மகள் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸாம். “அதான் சோறு அப்பப்ப கருப்பாக் கீது” என்றார். “சொல்ல ஆள் இல்ல.”

மேலாகக் கருகாத சோற்றை எடுத்து இருவரும் சாப்பிட்டோம். எனக்குக் கருகல் தெரிந்தது. அவருக்கு உப்பு தெரிந்தது.

“பில்லை எங்கே அண்ணே?” என்று கேட்டேன். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

“மாட்டறதில்லையா?”

“வாடகை வீடுப்பா. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதாம்.”

வெள்ளைச் சுவர்கள் நாலு பக்கமும் வழவழவென்று நின்றன. என்ன சொல்வது என்று தெரியாதபோது கோமாளித்தனம் செய்வது என் வழக்கம். எழுந்து போய்க் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று, ஆட்காட்டி விரலை ஆணி மாதிரி நீட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார். பையிலிருந்து பில்லையை எடுத்து, சட்டையில் ஒரு தடவை துடைத்து, என் விரலில் மாட்டினார். இரண்டடி பின்னால் தள்ளி நின்று, அது நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து வந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

பித்தளை அவர் நெஞ்சுச் சூட்டோடு இருந்தது. கையை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.